பன்னிரண்டு நாள் எதிரி

மச்சாள் என் வீட்டுப் படியில் கொண்டுவந்து வைத்த பன்புல் பெட்டி புகை மணத்தது. மூடியைத் திறந்தார். உள்ளே கரிக்கட்டை போல் கறுத்த மூன்று நீலக்கோழிக் குஞ்சுகள். உடம்பு ஒரு கைப்பிடிகூட இல்லை, கால்கள் மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியது போல் நீண்டு கிடந்தன. மூன்றும் வாயைப் பிளந்துகொண்டு என்னைத்தான் பார்த்தன.

"வீட்ட எரிச்சிட்டீங்க. இனிப் புள்ளைகள ஆர் பாக்கிற?" என்றார்.

"இன்னும் ரெண்டு மாசம் வளரட்டும் மச்சாள். தேங்காப்பால் விட்டு ஆக்குவம்."

"ஆக்கித் தின்னுற மூஞ்சியப் பாரு," என்று என்னிடம் அல்ல, எனக்குப் பின்னால் நின்ற என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். எங்கள் சண்டை அன்றைக்குத் தொடங்கியது என்று சொன்னால் பொய். அன்றைக்கு அதற்கு இறகு முளைத்தது, அவ்வளவுதான்.

மச்சாள் என் மனைவியின் அக்கா. செட்டிபாளையத்தில் ஒரே வளவில், நடுவே ஒரு கிடுகு வேலியோடு எங்கள் இரண்டு வீடுகளும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்பிள்ளைகளுக்குத்தான். ஆம்பிளை உடுத்த சாரத்தோடு மனைவி வீட்டுக்கு வந்து சேருவான். வாவிக்கு அக்கரையில் கிடந்த வயல் வட்டையை மாமனார் பிரித்தபோது மூத்தவளுக்கு மடைவாசல் வயல் போனது, இளையவளுக்குச் சம்புப் புல் பற்றையோரம் கிடந்த கடைசி வயல் வந்தது. தண்ணீர் முதலில் மச்சாளின் வயலுக்கு வரும். நீலக்கோழி முதலில் என் வயலுக்கு வரும். நீல உடம்பும் சிவந்த அலகுமாக அழகான பறவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இளம் பயிரை ஒற்றைக் காலால் பிடித்து இழுத்து, தண்டை மட்டும் கடித்து, மிச்சத்தை எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போகிற பறவை. தின்றாலும் பரவாயில்லை. எறிந்துவிட்டுப் போகிற கொழுப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஆண்டு சிறுபோகம் வெட்டி முடிந்த கையோடு, காய்ந்து கிடந்த சம்புக்கு நெருப்பு வைத்தேன். உள்ளே கூடு இருக்குமா என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வைத்திருப்பேன். மச்சாள் தன் வயல் வரம்பிலிருந்து ஓடிப்போய், கணுக்கால் சுடச்சுட அந்தப் பற்றைக்குள் இறங்கியதை நான் தூரத்தில் நின்று பார்த்துச் சிரித்தேன்.

மச்சாளுக்குப் பறவை வளர்க்க ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் நாள் குஞ்சுகள் ஒன்றும் தின்னவில்லை. இரண்டாம் நாள் ஓர் ஈர்க்கின் நுனியில் சிவப்புச் சீலைத் துண்டைச் சுற்றி, அதில் வெட்டுக்கிளியைக் குத்தி நீட்டினார். தாயின் சிவந்த அலகென்று நினைத்ததோ என்னவோ, மூன்றும் பாய்ந்து கொத்தின. பிறகு அவருக்கு ஓய்வில்லை. காலையில் புல்லுக்குள் வெட்டுக்கிளி, பகலில் வாவிக்கரையில் கூனி இறால், பின்னேரம் சம்புக் குருத்து. கணவர் கட்டாரில் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் ஆளில்லாத மனிசிக்கு மூன்று பிள்ளைகள் கிடைத்த மாதிரி. வேலிக்கு அங்கால் அவர் அவற்றோடு கதைப்பது எனக்குக் கேட்கும். வேண்டுமென்றே கேட்கத்தான் கதைப்பார்.

"நல்லாத் தின்னுங்க மக்காள். பக்கத்து வீட்டு மாமாட வயல் விளையுது உங்களுக்காகத்தான்."

"மச்சாள், ஓணான மடியில கட்டினா குடையுது எண்டு அழப்படாது," என்று நான் இங்கிருந்து சொல்வேன்.

"ஓணானைக் கட்டலாம். உங்களத்தான் என்ர தங்கச்சி கட்டினவள். அவள் அழுறாளா?"

மாரி தொடங்கிப் பெரும்போகப் பயிர் முழங்காலுக்கு வந்தபோது குஞ்சுகளுக்கும் இறகு முற்றிவிட்டது. கறுப்புப் போய் மங்கல் நீலம் படர்ந்திருந்தது. யாரைக் கண்டாலும் ஓடிவந்தன. மீன்காரர் வந்தால் அவர் காலடியில், தபால்காரர் வந்தால் சைக்கிளின் பின்னால். என் முற்றத்துக்கே வந்து நின்று வாயைப் பிளந்தன. நான் செருப்பை எறிந்தேன். ஒன்று அந்தச் செருப்பைக் கொத்திப் பார்த்தது.

ஒரு காலை மச்சாள் மூன்றையும் பெட்டியில் வைத்து, தோணியில் அக்கரைக்குக் கொண்டுபோய், என் வயலுக்குப் பக்கத்துச் சம்பில் விட்டுவிட்டு வந்தார். எனக்கு இரத்தம் கொதித்தது. ஆனால் நான் ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை. அடுத்த வட்டையில் களை பிடுங்கியவர்கள் மத்தியானம் வயல் குடிசையான வாடியில் இருந்து சோறு தின்றிருக்கிறார்கள். மூன்றில் ஒரு குஞ்சு நேரே நடந்து வந்து அவர்கள் நடுவில் நின்று வாயைத் திறந்திருக்கிறது. கழுத்தைத் திருகிச் சமைத்துவிட்டார்கள். பின்னேரம் மச்சாள் பார்க்கப் போனபோது வாடியடியில் நீல இறகு கிடந்தது. கேட்டதற்கு அவர்கள் மறைக்கவுமில்லை. "நாங்க புடிக்கல்லகா. அதுவா வந்து சோத்துக்குப் பக்கத்தில நிண்டது."

மச்சாள் அவர்களை ஏசவில்லை. மிச்சம் இரண்டையும் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். நேரே என் படிக்கு வந்தார். முகம் வேலிக்கம்பு மாதிரி இருந்தது.

"கையால தின்னுறது கையாலதான் சாகும் மச்சான். மனிசன் நல்லவன் எண்டு நான் படிப்பிச்சு விட்டிருக்கன். அதை மறக்கப் பண்ணவேணும்."

"அதுக்கு நான் என்ன செய்ற?"

"இந்தப் பக்கத்தில குருவிக்கு உங்களவிடப் பெரிய எதிரி ஆர் இருக்கிற? காலமையும் பின்னேரமும் வந்து வெருட்டுங்க. தகரம் தட்டுங்க, மண்கட்டியால எறிங்க, வாயில வந்ததச் சொல்லி ஏசுங்க. இனி நான் அதுகள்ர கண்ணில படமாட்டன், சத்தமும் காட்டமாட்டன். சாக்கு மறைப்புக்குப் பின்னால நிண்டு தீன் வைப்பன்."

வாழ்நாளில் மச்சாள் என்னிடம் கேட்ட ஒரே உதவி. அதையும் திட்டாகத்தான் கேட்டார். நான் ஒரு நிபந்தனை போட்டேன்: வெருளப் பழகி முடிந்ததும் அவற்றை என் வட்டைப் பக்கம் விடக்கூடாது, வாகரைப் பக்கம் எங்காவது தூரத்தில் விடவேண்டும். உடனே ஓம் என்றார். அவ்வளவு சுலபமாக மச்சாள் எதற்கும் ஓம் சொன்னதில்லை. ஏமாந்துவிட்டேனோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

முதல் நாள் நான் ஏசியது குருவிகளைத்தான். "போ சனியன், போ!" என்று தகரத்தை அடித்தேன். இரண்டும் அடைத்து வைத்திருந்த கொட்டிலின் மூலைக்கு ஓடி, பிறகு திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் நாக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. "மடைவாசல்ல குந்திக்கொண்டு கடைசி வயல்காரன்ர வயித்தில அடிக்கிற சாதி!" என்று கத்தினேன். நீலக்கோழிக்கு ஏது மடைவாசல்? சாக்கு மறைப்பு ஒருமுறை அசைந்தது. அதற்குக் கீழே மச்சாளின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. கால்விரல்கள் மணலைக் கிள்ளிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் விளங்கியது. அந்த மனிசியால் வாய் திறக்க முடியாது. திறந்தால், பழகிய குரலைக் கேட்டுக் குஞ்சுகள் ஓடிவரும், செய்ததெல்லாம் வீணாகும். ஊரையே ஒரு சொல்லால் மடக்குகிற வாய் சாக்குக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. இப்படியொரு வாய்ப்பு எந்த மருமகனுக்குக் கிடைத்திருக்கிறது? நான் விடவில்லை. காணி பிரித்த கதையை ஒரு நாள் ஏசினேன். கல்யாணத்தன்று என்னைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு வேட்டி இடுப்பில நிக்குமா, ஆணி அடிக்கவேணுமா?" என்று கேட்டதை ஒரு நாள் ஏசினேன். என் அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிந்தி வந்ததை ஏசினேன். அதை ஏசியபோது என் குரல் உண்மையாகவே உடைந்தது. குஞ்சுகள் அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னைக் கண்டு நடுங்கின.

"நீங்க குருவிய வெருட்டப் போறீங்களா, அக்காவ ஏசப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"ரெண்டுக்கும் ஒரு பயணந்தான் புள்ள."

பன்னிரண்டாம் நாள் வேலிப் படலையில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே இரண்டும் மறைந்துகொண்டன. எனக்கு ஏசவும் ஒன்றும் மிச்சமில்லை. மச்சாள் பின்கதவால் வந்து, கையால் மட்டும், கொண்டுபோங்க என்று காட்டினார். அவர் கூட வரவில்லை. வந்தால் அவரை விட்டுப் போகா. யாரைக் கண்டு ஓடவேண்டுமோ அவன்தான் பெட்டியைத் திறக்கவேண்டும்.

மீன் பெட்டியொன்றில் ஓட்டை போட்டு, அதில் இரண்டையும் வைத்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். மாங்கேணி தாண்டி, வாகரைக்குப் போகும் வழியில், மனிதர் அதிகம் இறங்காத ஒரு சம்புக் குளத்தோரம் நிறுத்தினேன். மூடியைத் திறந்ததும் ஒன்று என்னைப் பார்க்கவே இல்லை. பாய்ந்து சம்புக்குள் மறைந்தது. மற்றது வெளியே வந்து நின்றது. பன்னிரண்டு நாள் நான் தொண்டை கிழியக் கத்தியதை எல்லாம் மறந்ததுபோல், மெல்ல என்னை நோக்கி நடந்து வந்து வாயைத் திறந்தது. அந்த இடத்தில் அதற்குத் தெரிந்த ஒரே முகம் என்னுடையது. "போ!" என்றேன். வந்தது. காய்ந்த கட்டி ஒன்றை எடுத்தேன். என் வயலில் இந்தச் சாதிக்கு எத்தனையோ கட்டி எறிந்திருக்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. எறிந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மச்சாள் என் படியில் இருந்தார். "ரெண்டும் போச்சுதா?" "போச்சு." அதன் பிறகு தொடங்கினார். முதலாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள்வரை நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும், வரிசை தவறாமல், ஒரு சொல்லும் விடாமல் மறுமொழி சொன்னார். மடைவாசலுக்கு, வேட்டிக்கு, எல்லாவற்றுக்கும். செத்தவீட்டுக்கு வந்தபோது மட்டும், "அண்டைக்குப் பாதையில பஸ் இல்ல மச்சான், நடந்து வந்தனான்," என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். மனைவி வைத்த தேத்தண்ணீர் ஆறிவிட்டது. எழும்பிப் போகும்போது திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கட்டி எறிஞ்ச நீங்களா?"

"ஓம்."

"பட்டதா?"

"இல்ல."

இதெல்லாம் நடந்து பல போகம் போய்விட்டது. நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். இந்தப் பெரும்போகத்திலும் நீலக்கோழி என் பயிரைப் பிடுங்கி எறிந்தது, நானும் தகரம் தட்டினேன். மச்சாளும் நானும் இப்போது வேலிக்கு மேலால் விழுகிற பலா இலைக்காகச் சண்டை பிடிக்கிறோம். கண்ணாடி போட்டுக்கொண்டு கையில் கிடைக்கிற எழுத்தையெல்லாம் படிக்கிற மனிசி அவர், இதையும் படிப்பார். படித்து முடித்ததும் வேலியோரம் வருவார். வரட்டும்.

பட்டது, மச்சாள். காலில் பட்டது. நொண்டிக்கொண்டுதான் சம்புக்குள் போனது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.