வழவழப்பாக ஒரு முகம்

வீட்டில் ஒரு சிஎன்சி எந்திரம் இருந்துவிட்டால் அதற்குப் பிறகு என்னால் தப்பே செய்ய முடியாது என்று மனதார நம்பினேன். ஐம்பதை நெருங்குகிற மனிதன் நம்புகிற விஷயமா இது? நம்பினேன். தப்பெல்லாம் கையால் வருவது, கைக்கு வேலையே இல்லையென்றால் தப்பு எந்த வழியாக உள்ளே வரும்? கணினியில் படத்தைக் கொடுத்தால் போதும், சுழலும் கத்தி ஒன்று முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்ந்து மரத்தைச் செதுக்கித் தந்துவிடும். நான் பக்கத்தில் நின்று காபி குடிக்க வேண்டியதுதான் பாக்கி.

எந்திரத்தை நானே கட்டினேன். போடியில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், கட்டுகிற கடை வைத்திருக்கிறேன், அந்தத் தைரியம். சின்ன மோட்டார்களும் தண்டுகளும் கூரியரில் வந்தன. சட்டத்துக்கு வீட்டிலிருந்த பழைய இரும்புக் கட்டிலை அறுத்துப் பற்றவைத்தேன். "கட்டில ஒடைச்சாச்சுல்ல, இனி அதுமேலயே படுத்துக்கங்க" என்றாள் மனைவி. முதல் வேலையாக அவளைச் சமாதானம் செய்ய ஒரு சப்பாத்திப் பலகை செதுக்கினேன். வட்டம்தான் கேட்டேன். பாதியில் பெல்ட் வழுக்கியதில் மாங்காய் வந்தது. இன்றும் அவள் அதில்தான் தேய்க்கிறாள். எங்கள் வீட்டுச் சப்பாத்திக்கும் காம்பு வைக்காத குறைதான்.

போகப் போக எந்திரம் படிந்தது. வாசலுக்குப் பெயர்ப்பலகை, அஞ்சறைப்பெட்டி, சுவர்க்கடிகாரம் எல்லாம் செய்தேன். ஏலக்காய் வியாபாரிகளுக்குத் தரம் பிரிக்கும் சல்லடைத் தட்டுகள் செய்து கொடுத்தேன். எட்டு மில்லிமீட்டர் ஓட்டையில் விழாமல் நிற்கிற காய் ஒசத்தி. அதனால் ஓட்டை ஒவ்வொன்றும் பிசகாமல் இருக்க வேண்டும், இருந்தது. என் தலைக்கனம் ஏறியது அப்போதுதான்.

தலைக்கனம் எவ்வளவு இருந்தாலும் பயம் போகவில்லை. கத்தி எகிறி வந்து என்னைக் குத்திவிடும் என்று ஒரு எண்ணம். ஆகவே எந்திரத்தை நிறுத்த, தோசைக்கரண்டி அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் வைத்திருந்தேன். ஒரு காலை அறைக்கு வெளியே வைத்துக்கொண்டுதான் எந்திரத்தை ஓட்டுவேன். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால்கூடப் பாய்ந்துபோய்ப் பொத்தானை அமுக்குவேன். ஒரு விநாயகர், குக்கரின் மூன்றாவது விசிலோடு தும்பிக்கை இல்லாமல் நின்றுபோனார்.

என் சிநேகிதன் ஒருவன் ஜீப்பு ஓட்டுகிறான். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் போடியில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைக்குப் போவான், பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவான். ஒருநாள் கடைக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து நீட்டினான். தோட்டத்து அடையாள அட்டையிலிருந்து பிரித்தெடுத்த அவன் அம்மாவின் படம். அந்த அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. வேறு படம் கிடையாது.

"மாப்ளே, எங்கப்பாவுக்குக் கண்ணு சுத்தமாப் போயிருச்சு. டாக்டரும் கைய விரிச்சுட்டாரு. இந்தப் போட்டோவ எடுத்து எடுத்துத் தடவுறாரு. தாளத் தடவுனா என்னத்தத் தெரியும்? உன் மிஷின்ல மொகத்த மேடுபள்ளமா அடிச்சுக் குடுக்க முடியுமா?"

"மொகம் என்னடா மொகம். கேட்டா உன் ஜீப்பையே அடிச்சுத் தருவேன்."

"ஜீப்புல ஏற்கெனவே மேடுபள்ளம் நெறையக் கெடக்கு. அம்மா மாதிரியே இருக்குமா, அதச் சொல்லு."

"மிஷினுடா இது! போட்டோல என்ன இருக்கோ அதுதான் வரும். மிஷினு பொய் சொல்லாது."

இதை நான் சொன்னேன். என் வாயால், சத்தமாகச் சொன்னேன்.

அவன் அப்பா மலையில் மகள் வீட்டில் இருந்தார். வாழ்நாள் முழுக்க ஏலக்காய் ஸ்டோரில், அதாவது பச்சைக் காயை அனலில் உலர்த்துகிற கட்டடத்தில், வேலை பார்த்தவர். ஒரு கை அள்ளிக் கசக்கிப் பார்த்தே காய்ச்சல் பதமா இல்லையா என்று சொல்லிவிடுவாராம். கண் போன பிறகும் மகள் கொண்டுவருகிற காயை முறத்தில் போட்டு, வெடித்த காயை விரலாலேயே பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கு மிச்சமிருந்தது அந்தக் கைகள்தான்.

சிநேகிதன் பலாப்பலகை ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். அதை இரண்டாக அறுத்து ஒரு பாதியை எந்திரத்தில் பொருத்தினேன். படத்தைக் கணினியில் ஏற்றினேன். அந்த மென்பொருளுக்கு ஒரே கணக்குதான் தெரியும். வெளுப்பாக இருந்தால் மேடு, கறுப்பாக இருந்தால் பள்ளம். மனித முகத்தைப் பற்றி அதற்கு வேறொன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அரைநாள் ஓடியது. மஞ்சள் நிற மரத்தூளை ஊதிவிட்டுப் பார்த்தவன் ஒரு முழம் பின்னால் குதித்தேன். அம்மாவின் நெற்றிப்பொட்டு படத்தில் கறுப்பு. எந்திரம் அந்த இடத்தில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு குழி பறித்து வைத்திருந்தது. மூக்குத்தி வெளிச்சத்தில் மின்னியிருந்ததால் மூக்கின் மேல் நெல்மணி போல ஒரு முனை. கன்னமெங்கும் புள்ளி புள்ளியாகச் சிறு குழிகள். பழைய படத்தின் அழுக்கு என்று நினைத்தேன்.

சத்தம் கேட்டு மனைவி எட்டிப் பார்த்தாள். "ஆத்தாடி, யாருங்க இது? நெத்தியில துப்பாக்கியால சுட்ட மாதிரி?"

அவ்வளவுதான். செத்துப்போன தாயின் நெற்றியில் ஓட்டை போட்டு மகன் கையில் கொடுப்பதா? அபசகுனம், நட்பு முறிவு, ஜீப்பு ஏற்றிக் கொலை என்று வரிசையாகக் கண்முன் ஓடியது. சிநேகிதன் எந்த நேரமும் வந்துவிடுவான் என்று பலகையை எடுத்து, வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். எரிந்துகொண்டிருக்கும்போது அதில் ஒரு முகம் இருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு கணினியில் உட்கார்ந்து முகத்தைத் திருத்தினேன். பொட்டை அழித்தேன். மூக்குத்தியை அழித்தேன். கன்னத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மாவு பூசினது போல ஆக்கினேன். பலகையின் மீதிப் பாதியில் இரண்டாவது முகம் இறங்கியது. உப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்து, கடையில் நிறுத்தி வைத்தேன். காயில் கட்ட வந்தவரெல்லாம் "சாமி சிலை மாதிரி இருக்கு" என்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதனோடு ஜீப்பில் மலையேறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் என் உயிரைவிடப் பலகையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மேலே நல்ல மூடுபனி. பெரியவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் இருந்தார். பக்கத்தில் முறம்.

"வா அப்பு. கொண்டா, கொண்டா" என்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

மடியில் வைத்தேன். நெற்றியிலிருந்து ஆரம்பித்தார். புருவம், கண், மூக்கு. மூக்கில் விரல் நின்றது. இடதுபக்கம் ஒருமுறை, வலதுபக்கம் ஒருமுறை, மறுபடி இடதுபக்கம். பிறகு கன்னத்துக்கு இறங்கி அங்கேயே வெகுநேரம் எதையோ தேடினார். தொலைந்துபோன ஏலக்காயை முறத்தில் தேடுகிற மாதிரி.

"மூக்குத்தி போட்டிருப்பாளே."

"போட்டோல இல்லைங்கய்யா" என்றேன். எப்படி வந்தது அந்தச் சொல் என்று இன்றுவரை தெரியவில்லை. குக்கர் விசில் கேட்ட மாதிரி வாய் தானாகப் பாய்ந்து அமுக்கியது.

"கன்னம் பூரா அம்மைத் தழும்பு இருக்கும். சின்னப் பிள்ளையில அம்மை வாத்தவ. கல்யாணமான புதுசுல தழும்ப எண்ணுவேன், கைய தட்டி விடுவா. அது எங்க?"

புள்ளிகள் அழுக்கில்லை. எந்திரம் அதை அப்படியே எடுத்துக் கொடுத்திருந்தது. நான்தான் துடைத்தேன்.

அத்தனை சின்னப் படத்தில் தழும்பும் மூக்குத்தியும் விழவில்லை என்றே சிநேகிதனும் நினைத்திருந்தான். நான் வாயைத் திறக்குமுன் சொன்னான், அப்பாவுக்கு ஆறுதலாக, நல்ல மனதோடு: "போட்டோல இருக்கிறதுதாம்ப்பா வரும். மிஷினு பொய் சொல்லாது."

பெரியவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அப்படியா அப்பு?"

"ஆமாங்கய்யா."

அவர் விரல்களை எடுத்துவிட்டார். இரண்டு கையையும் திருப்பி, பார்வை இருக்கிறவர் பார்ப்பது போல முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். "அப்பச் சரி. எனக்குத்தான் கையி மறந்துருச்சு" என்றார். சிரித்தார்கூட. மகள் டீ கொண்டுவந்தாள், குடித்தோம். இறங்குகிற வழியெல்லாம் சிநேகிதன் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தான். நான் மூன்று ஜோக் சொன்னேன். மூன்றுக்கும் சிரித்தான்.

இரண்டு மாதம் கழித்து கடைக்கு வந்தவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். "அப்பா இப்பக் காய் பொறுக்குறதே இல்ல மாப்ளே. மொறத்த வச்சா தள்ளி விட்டுர்றாரு. பொண்டாட்டி மொகத்தையே மறந்த கையி, இது காயவா பாக்கப் போகுதுங்கிறாரு. சோலி இல்லாம சும்மாவே கெடக்காரு."

அன்று கடையை மத்தியானமே சாத்தினேன். முதலில் எடுத்த பழைய படம் கணினியில் அப்படியே இருந்தது. ஒரு புள்ளியையும் தொடாமல், மூக்குத்தியோடும் பொட்டுக் குழியோடும் புதுப் பலகையில் செதுக்கவிட்டேன். முடிகிறவரை இரண்டு காலும் அறைக்குள்ளேயே இருந்தன. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் தோட்டத்துப் பெண்களுக்கு நடுவே ஜீப்பில் ஒடுங்கி உட்கார்ந்து போனேன். வழியில் சிநேகிதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரு கொண்டை ஊசி வளைவை ஒடித்துத் திருப்பினான். பிறகு, "அத அவருகிட்டச் சொல்லு" என்றான்.

சொன்னேன். தரையில் உட்கார்ந்து, பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முதல் பலகை, அடுப்பு, அழித்த பொட்டு, துடைத்த தழும்பு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். "உங்க கையி மறக்கலைங்கய்யா. நான்தான் வழிச்செடுத்தேன். அன்னைக்குப் பொய் சொன்னேன். இந்தாங்க, இதத் தொட்டுப் பாருங்க, எல்லாம் இருக்கு."

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"நீ ஒரு வெளையாட்டுக்காரன்னு இவன் சொல்லியிருக்கான். கெழவன் மனசு தேறட்டும்னு நான் சொன்னதையெல்லாம் மரத்துல குத்திக் கொண்டாந்திருக்க. பெரிய மனசு அப்பு உனக்கு."

"இல்லைங்கய்யா, சத்தியமா..."

"மதி அப்பு, மதி." போதும் என்பதற்கு மலையில் அப்படித்தான் சொல்வார்கள்.

சிநேகிதனும் சொல்லிப் பார்த்தான். அவர் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

சாயங்கால ஜீப்பில் பலகையோடு இறங்கினேன். அது என் வீட்டில்தான் இருக்கிறது. அவர் அதைத் தொடவில்லை.