பாதி யன்னல்கள் பொய்யான ஒரு மாளிகை

எடின்பரோவில் குடியிருக்கும் எனக்கு விடுமுறை நாட்களில் ஸ்கொட்லாந்துப் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளைப் போய்ப் பார்ப்பதும், அவற்றைப் பற்றி இந்த வலைப்பதிவில் எழுதுவதும் பழக்கம். போன மே மாதம் இத்தாலியில் உள்ள பலெர்மோ நகரத்துக்குப் போனது தங்கை வதனியைப் பார்க்க. ஆனால் அவள் வேலை செய்வதும் ஒரு பழைய பிரபு குடும்பத்தின் மாளிகையில்தான். விடுவேனா? ஒரு நாள் அவளோடு தொற்றிக்கொண்டேன். அன்று நடந்தது எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. எழுதினால் தெளியுமோ என்றுதான் எழுதுகிறேன்.

வதனி நகரத்தின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில், சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய சந்தில் இருக்கிறாள். காலையில் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையம் வரை நடந்து, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, நகரத்தின் வடக்கே மலையடிவாரத்தில் இறங்கினோம். முக்கால் மணி நேரப் பயணம். அன்றைக்குப் பார்த்து சிரோக்கோ வீசியது. ஆபிரிக்காப் பக்கமிருந்து வரும் சூட்டுக்காற்று அது. வெதுப்பகத்தின் போறணை வாசலில் நிற்பது போல இருந்தது. இரண்டாவது பஸ் சாரதி வதனிக்குப் பழக்கமானவர். என்னைக் காட்டி ஏதோ கேட்டார்.

"நீங்களும் அங்கை வேலைக்கு வாறியளோ எண்டு கேக்கிறார், அக்கா."

"சுத்திப் பாக்க வந்தனான் எண்டு சொல்லு."

"சொன்னனான். நம்புறாரில்லை."

மாளிகையில் முதல் குழப்பம் வாசல். நாங்கள் நுழைந்தது சமையற்கட்டு முற்றத்தால். முன்வாசல் எங்கே என்று கேட்டேன். வதனி வீட்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் அழகான கல் படிக்கட்டு, அதற்கு நேரெதிரே அடுக்குமாடிகளின் பின்சுவர், காயப்போட்ட உடுப்புகள். ஒரு காலத்தில் எலுமிச்சைத் தோட்டத்தின் நடுவால் குதிரை வண்டிகள் வந்த பாதையாம். தோட்டம் போய்விட்டது, புதிய தெரு மற்றப் பக்கத்தால் வந்துவிட்டது. வீட்டின் முகம் முதுகாகிவிட்டது.

ஸ்கொட்லாந்தில் சண்டை ஓய்ந்து நெடுங்காலம் ஆன பிறகும் கோட்டை போலக் கோபுரம் வைத்துத்தான் கட்டினார்கள். உள்ளே அறைக்கு அறை கணப்பு. இங்கே எல்லாம் வெயிலுக்குப் பயந்து கட்டியது. கீழ்த்தளத்தில் வேலைக்காரரும் எண்ணெயும் வைனும், மேல்தளத்தில் குடும்பம். வெளிச்சுவரில் யன்னல்களை எண்ணத் தொடங்கிக் கைவிட்டேன். பாதி யன்னல்கள் சுவரில் தீட்டிய ஓவியம்! இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரிய வேண்டுமாம். உள்ளே கதவுகளும் அப்படித்தான்.

நான் இதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வதனி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, சிஞ்ஞோராவைக் காணேல்லை. கட்டில் வெறுமையாக் கிடக்கு."

சிஞ்ஞோரா என்றது அவள் பராமரிக்கும் வீட்டுக்கார அம்மாவை. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாக மறதி. எப்போதோ இறந்துபோன கணவருக்கும் மேசையில் சாப்பாட்டுப் பீங்கான் வைப்பாராம். அன்று அவருடைய மருமகன் வீட்டை வாங்க வருபவர்களைக் கூட்டி வருவதாக இருந்தது. கலியாண மண்டபமாக்கப் போகிறார்களாம். வீடு அந்த அம்மாவின் பெயரில் இருக்கிறது. அவர் சம்மதிக்காமல் கைமாறாது.

அறை அறையாகத் தேடினோம். தேடி முடிவதற்குள் மருமகன் வந்துவிட்டார், கூடவே கோட்டு அணிந்த இரண்டு பேர். அத்தை உடுத்திக்கொண்டிருக்கிறார் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, வதனியைச் சமையலறைக்குள் இழுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏசினார். பிறகு என்னைப் பார்த்தார். யாரென்று கேட்கவில்லை. கோப்பித் தட்டை என் கையில் தந்து, மேலே என்று விரலைக் காட்டினார். நானும் தூக்கிக்கொண்டு போனேன். ஏன் மறுக்கவில்லை என்று இப்போதும் தெரியவில்லை.

போய்த் தள்ளிய முதல் கதவு ஓவியம். அதன் பக்கத்தில் சுவரோடு சுவராக இருந்த பலகை திறந்துகொண்டது. உள்ளே ஒடுங்கிய படிகள். மேலே போகும் என்று நினைத்தேன். வளைந்து வளைந்து கீழேதான் போயின. இறங்க இறங்கக் குளிர்ந்தது. கடைசியில் பாறையைக் குடைந்து செய்த வட்ட அறை. சுவரோரம் கல் இருக்கைகள், நடுவில் தண்ணீர் ஓடும் வாய்க்கால், மேலே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரு துவாரம். சிரோக்கோ வீசும் நாட்களில் குடும்பம் ஒதுங்கியிருக்கக் கட்டிய நிலவறை. அங்கே அந்த அம்மா சால்வை போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தார். தட்டைப் பார்த்துக் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"ஆங்கிலம் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

திகைத்துப்போய், வதனியின் அக்கா, எடின்பரோவிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். முகம் மலர்ந்தது. சிறுவயதில் அவருக்குப் பாடம் சொல்லித்தந்தது ஒரு ஸ்கொட்லாந்துப் பெண்ணாம்.

"மேலே எத்தனை பேர்?"

"மூன்று பேர்."

"போய்விடுவார்கள். இந்தக் காற்றில் யாரும் வீடு வாங்க மாட்டார்கள். நான் இங்கே இருப்பதைச் சொல்லாதே."

"வதனி அழுகிறாள், அம்மா."

கோப்பையைத் தட்டில் வைத்தார். "அவளுக்கு மட்டும் சொல்" என்றார். பிறகு அதே குரலில், "என் கணவர் வந்ததும் அவர்களை அனுப்பிவிடுவார்" என்றார்.

இவர் தெளிவோடு ஒளிந்திருக்கிறாரா, மறதியில் வந்து உட்கார்ந்திருக்கிறாரா?

மேலே வந்து வதனியின் காதில் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்த நேரம் மருமகன் வந்து ஏதோ கத்தினார். அவள் நிமிர்ந்து, பணிவாகப் பதில் சொன்னாள். எனக்கு விளங்கிய சொல் ஒன்றுதான்: தெரியாது.

வந்தவர்கள் அரைமணி நேரம் வியர்த்துவிட்டுப் போனார்கள். அவர்களின் கார் மறைந்ததும் அந்த அம்மா, காலைநடை முடித்தவர் போல, சமையலறைக்குள் வந்து சாப்பாடு கேட்டார். அம்மா என் பக்கம் கையைக் காட்டி வதனியிடம், எனக்கும் விளங்கும் எளிய இத்தாலிய மொழியில் கேட்டார்: "இவள் யார்?"

திரும்பும் பஸ்ஸில் வதனி சொன்னாள்:

"பதினொரு வருசமா இருக்கிறன், அவவுக்கு இங்கிலீசு தெரியுமெண்டு எனக்குத் தெரியாது."

"வீடு வித்தா வேலை போயிடுமெண்டோ அவரிட்டைத் தெரியாதெண்டு சொன்னனி?"

"அதுவும்தான், அக்கா. ஆனா அவவைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து குடுக்க எனக்கு மனம் வரேல்லை. பிழையோ சரியோ, தெரியேல்லை."

எனக்கும் தெரியவில்லை. மருமகன் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. கூரை ஒழுகுகிறது, அதைத் திருத்த அவரிடம் வசதியில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பலெர்மோவின் வடக்குப் புறத்திலும் பகேரியாவிலும் இப்படிப்பட்ட கோடை மாளிகைகள் பல உண்டு, சில பார்வையாளருக்குத் திறந்திருக்கும். பகேரியாவுக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலேயிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான். மதியத்தில் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போங்கள். நிலவறை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மெல்லிய சால்வை ஒன்று எடுத்துப் போங்கள். கதவு என்று நினைத்துச் சுவரைத் தள்ளினால் வெட்கப்படாதீர்கள்.

நான் போன வீட்டின் பெயரையும், இறங்கிய பஸ் தரிப்பையும் எழுதவில்லை. எடுத்த படங்களையும் போடவில்லை. பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். வாங்குபவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். கீழே இறங்கும் அந்தப் பலகைக் கதவு மருமகனுக்கு இன்னும் தெரியாது.