கரண்டும் காப்பும்

“கரண்டுதானப்பா, இன்னைக்கு விட்டா நாளைக்குச் சேத்து வாங்கிக்கலாம்.”

போன வருடம் காத்திருப்போர் பெஞ்சில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது, கதவு இடுக்கு வழியாக என் காதில் விழுந்தது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதை மதுரைப் பக்கம் கரண்டு வைப்பது என்பார்கள். அந்த மிஷினை இயக்குவது என் வேலை. ஆளைப் படுக்கவைத்து, தோலில் போட்ட மையடையாளத்துக்கு நேராகப் பொருத்தி, வெளியே வந்து கனத்த கதவைச் சாத்த வேண்டும். மிஷின் சொன்னபடி கேட்கும். ஆட்களை மறுநாள் வரவைப்பதுதான் பாடு. குரல் உயராத என்னைப் போன்றவர்கள் இப்படி ஒரு வேலையில் மாட்டியிருந்தால், மேலே படியுங்கள்.

ஊருக்குச் சொன்ன நோய்

பேச்சியம்மா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விற்பவர். ஆசனவாயில் புற்று. மூலம் என்று நினைத்து வருடக்கணக்கில் களிம்பு தடவியிருக்கிறார். அந்த இடத்தை டாக்டரிடம் காட்டக் கூச்சம். முதல் நாள் சேலையை விலக்க அவர் தயங்கினார், விலக்கச் சொல்ல நான் தயங்கினேன். பிறகு அவரே மிஷினின் வெளிச்சக் கோட்டைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

“ஊருல கர்ப்பப்பையில கட்டின்னு சொல்லி வச்சிருக்கேன் பாப்பா. அதுக்காச்சும் ஒரு மரியாத இருக்குல்ல.”

சனி, ஞாயிறு

மூன்றாவது வாரத்தில் தோல் வெந்து உரிந்தது. பேச்சியம்மா பஸ்ஸில் காலியாக இருந்த சீட்டையும் விட்டுவிட்டு நின்றுகொண்டே வந்தார். ஒரு வாரம் ஓய்வு வேண்டும் என்று அவர் கணவர் வீரணன் கேட்டார்.

டாக்டர் நிதானமாகவே சொன்னார். இந்தப் புற்றுக்குக் கரண்டும் கீமோ மருந்தும் ஒன்றாகப் போக வேண்டும், கரண்டுக்கு வலுவூட்டுவதே அந்த மருந்துதான். நடுவில் இடைவெளி விழுந்தால் மிச்சமிருக்கும் கட்டி மறுபடி வளரத் தொடங்கும். அப்புறம் ஆபரேஷன், ஆயுசுக்கும் மலம் போக வயிற்றில் பை. புண்ணுக்குக் களிம்பும் வலிக்கு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். வீரணன் டாக்டரிடம் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

“மிஷினுக்கு மட்டும் சனி ஞாயிறு லீவாம். எங்களுக்கு ஒரு வாரம் கிடையாதாம். நல்ல நாயந்தான்!”

முதல் காப்பு

இரண்டாவது கீமோவுக்கு வார்டிலேயே தங்க வேண்டும். மருந்து இரவு பகலாக இறங்கிக்கொண்டே இருக்கும், நடுவில் கீழே கூட்டிவந்து கரண்டும் வைப்போம். சேரச் சொல்லியிருந்தது செவ்வாய்க்கிழமை. அன்று சாயங்காலம்தான் நாகமலைக்கு மேற்கே இருக்கும் அவர்கள் ஊரில் அம்மன் கோயில் காப்புக் கட்டு. காப்புக் கட்டும்போது ஊரில் இருப்பவர்கள், திருவிழா முடியும்வரை பகலில் எங்கே போனாலும் ராத்திரி ஊருக்குள்தான் படுக்க வேண்டும். அந்நேரம் வெளியே இருப்பவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை.

“அப்ப அக்கா முன்னாலேயே இங்க வந்துட்டா...” என்று வீரணனிடம் மெதுவாக இழுத்தேன்.

“கூட யாரு இருக்குறது? பூசாரி முதல் காப்பு கட்டுறது எங் கையில. எங்கப்பா காலத்துல இருந்து அப்படி. திருவிழா முடியட்டும், வாரோம். கட்டி எங்கிட்டு ஓடிரப் போகுது?”

பேச்சியம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

டிரைவர்

மறுநாள் பெஞ்சில் வீரணனுக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். போன வருடம் “சேத்து வாங்கிக்கலாம்” என்று சொன்னவர் அவர்தான். அவருக்கும் இதே நோய். பாதியில் கட்டி சுருங்கி, வலி குறைந்ததும் வருவதை நிறுத்திவிட்டார். எத்தனை தடவை போன் செய்தும் எடுக்கவில்லை. கட்டி திரும்பி வந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போது இடுப்பு எலும்பிலும் பரவியிருந்தது. வலி குறைய மட்டும் கரண்டு வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

மேசையில் படுக்கும்போது சட்டைக்கு அடியில் பை பிதுங்கியது. வாடை வருகிறதா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். வெளியே வந்ததும் அவரும் வீரணனும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தபோது டிரைவரின் கடைசி வார்த்தை மட்டும் கேட்டது.

“பஸ்ஸ விட்டா அடுத்த பஸ் வரும்னு நெனச்சுப்புட்டேன் மாப்ள.”

செவ்வாய்க்கிழமை

பேச்சியம்மாவின் முறை வந்தபோது கூப்பிட்டேன், ஆள் இல்லை. மத்தியானமும் வரவில்லை. சாயங்காலம் ஊரில் மேளம் தொடங்கியிருக்கும் நேரத்துக்கு மிஷினை மூடப் போனேன். வாசலில் இருவரும் நின்றார்கள், பேச்சியம்மா பிளாஸ்கோடும் வீரணன் சுருட்டிய பாயோடும்.

“அண்ணே, காப்பு?” என்றேன்.

“எந் தம்பி கையில கட்டட்டும்” என்றார் வீரணன்.

கரண்டு வைத்து முடித்து வார்டுவரை கூடப் போனேன். நர்ஸ் பெயர்ப் பட்டையைக் கட்டும்வரை பேச்சியம்மாவின் கையை வீரணன் தாங்கிப் பிடித்திருந்தார். பிறகு குனிந்து, கட்டிலுக்கு அடியில் பாயை விரித்தார்.