ஹட்டன் கல்லூரி ஜன்னலடியில் ஒரு சனிக்கிழமை

பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் தேடி மலைநாட்டுக் கல்லூரிகளுக்குக் கிளம்ப நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. எழுதுகிறவன் சாமானியன் அல்ல. பூண்டுலோயா பஜாரில் ஒரே ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு சுற்றியுள்ள தோட்டங்கள் அத்தனையின் மானத்தையும் காப்பாற்றி வருகிறவன். கண்டி மாநகரை இரண்டு முறை தரிசித்தவன். கொழும்பை நான் பார்த்ததில்லை; என்னைப் பார்க்கக் கொழும்புக்குக் கொடுத்துவைக்கவில்லை.

போன டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி, ஞாயிறன்று திரும்பினோம். நானும் என் மருமகள் தவமணியும். என் தங்கை பாக்கியத்தின் ஒரே மகள். தகப்பன் இல்லை. பாக்கியம் கொழுந்து பறிக்கிற தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. அதற்கு மேல் வகுப்பும் இல்லை, இடமும் இல்லை, ஒற்றை வாத்தியாருக்குத் தெம்பும் இல்லை. தவமணி அந்த ஐந்து வகுப்பையும் விழுங்கி ஏப்பம் விட்டவள். அவள் வாய்ப்பாடு சொன்னால் தேயிலைச் செடியெல்லாம் கிளை நறுக்குகிற கவ்வாத்துக் கத்தியைக் கண்டதுபோல் விறைத்து நிற்கும். இங்கிலீஷ் புத்தகம் வாசித்தால் துரை பங்களா நாய்கூட குரைப்பதை நிறுத்திக் காது கொடுக்கும். இதில் பாதியை நீங்கள் தள்ளிவிட்டாலும் மிச்சம் மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பங்கு இருக்கும்.

வாத்தியார்தான் சொன்னார். மலைநாட்டில் சின்னச் சின்னக் கல்லூரிகள் சிலவற்றில் வருஷத்துக்கு ஒரு கெட்டிக்காரப் பிள்ளைக்குப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாமே இலவசமாம். தை பிறப்பதற்குள் பிடித்தாக வேண்டும். ஏன் தைக்குள் என்றால், கங்காணி கெடு வைத்துவிட்டார். படிக்கிற பிள்ளை என்றால் தோட்டத்தில் கேட்க மாட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளை என்றால் அரைப்பேருக்குப் பெயர் கொடுத்துவிட வேண்டும். அதாவது அரைச் சம்பளத்துக்குக் கூடை தூக்க வேண்டும். பெயர் கொடுக்காவிட்டால், லயத்து வரிசையில் அவர்கள் இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இன்னொரு குடும்பத்தையும் விட்டுவிடுவார்கள்.

கிளம்புகிற காலையில் கங்காணி வழியில் நின்றிருந்தார்.

"என்ன ராமையாண்ணே, கோட்டெல்லாம் பலமா இருக்கு. மருமகளத் தொரை பங்களாவுக்கா கூட்டிப் போறீங்க?"

"இல்ல கங்காணி. தொரைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறதுக்குக் கூட்டிப் போறேன்."

"போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க. கூடை எங்கயும் ஓடிப் போயிறாது."

பூண்டுலோயாவிலிருந்து தலவாக்கலைக்கு எட்டு மைல் சொச்சம். ஆறு மணி பஸ், ஆளுக்கு முப்பது சதம். அந்த வளைவுகளில் என் வயிறு என்னைவிட்டு இறங்கி, குறுக்கு வழியில் தலவாக்கலைக்குப் போய் எனக்காகக் காத்திருந்தது. கண்டக்டர் சிங்களவர், தெரிந்தவர். என் கோட்டைப் பார்த்துவிட்டு, "எங்க மாமா, கல்யாணமா?" என்றார். "கல்யாணம் இல்ல மாத்தயா, காலேஜ்" என்றேன். அவர் தவமணியை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளுக்கு மட்டும் டிக்கெட் கிழிக்கவில்லை. அந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே உபகாரச் சம்பளம் அதுதான்.

தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ரயில், மூன்றாம் வகுப்பு. ஏற்றத்தில் அது போன வேகத்துக்கு, ஓரத்துச் செடியில் நான் பார்த்த அரும்பு பெட்டி கடப்பதற்குள் முற்றிவிட்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு நாலு மைலுக்குச் சற்று மேல், பஸ் உண்டு. குளிருக்கு ஏற்பாட்டோடு போங்கள். நான் "ஐயோ குளிருதே" என்று சொன்ன சொல் வாயைவிட்டு இறங்கத் தைரியம் இல்லாமல் உதட்டிலேயே உறைந்துவிட்டது. தவமணிக்கு என் கோட்டைப் போட்டுவிட்டேன். முழங்கால் வரை தொங்கியது. உள்ளே நான் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கவுன், மடிப்புக் கலையாமல் இருந்தது.

நுவரெலியாக் கல்லூரியில் கேட்டைத் தாண்ட வேண்டிய அவசியமே வரவில்லை. கிளாக்கர் ஐயா குடை பிடித்துக்கொண்டு கேட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். தவமணியின் பள்ளிக்கூடத் தாளைப் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். பிறகு கேட்டார்:

"பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கா?"

"புள்ள இந்த மலையிலதாங்க பொறந்துச்சு. இவ அம்மாவும் இங்கதான். நானும் இங்கதான்."

"பொறந்தது தெரியுது. பத்திரம்?"

"நீங்க நிக்கிற இந்த ரோட்டுக்கு எங்க அப்பா கல்லு ஒடைச்சாருங்க."

"எனக்குக் கேக்க ஆசையா ஐயா? இந்தக் காசு பிரஜைகளோட புள்ளைங்களுக்குன்னு எழுதி வெச்சிருக்காங்க."

தோட்டத்துச் சனத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பத்திரம் கிடையாது, எங்களுக்கும்தான். நாங்கள் திரும்பினோம். பின்னாலிருந்து கூப்பிட்டார். ஹட்டனில் ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறது, அங்கே பத்திரம் கேட்பதில்லை, ஓர் இலவச இடம், நாளை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசி எடுக்கிறார்கள், நேரே போங்கள் என்றார். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் கேட்டிலேயே மனம் விட்டுவிடாதீர்கள். ஒரு கல்லூரியின் கிளாக்கருக்கு அடுத்த கல்லூரியின் சங்கதி தெரியும். கேளுங்கள்.

நானுஓயாவிலிருந்து ஹட்டனுக்கு இறக்கம். கொட்டகலை தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். பெட்டியில் விளக்கு எரியவில்லை. என் வலது கை இடது கையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத இருட்டு. அந்த இருட்டுக்குள் தவமணி பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்தாள். சுரங்கத்தைவிட்டு ரயில் வெளியே வந்தபோது எதிர் சீட்டுக் கிழவர் ஒருவர், "எந்தத் தோட்டத்துப் புள்ளம்மா?" என்று கேட்டார். ஹட்டனில் எனக்குத் தொழில் சிநேகிதர் ஒருவர் உண்டு. அவர் கடையில் வெட்டுத் துணிகளின்மேல் தூங்கினோம். லாட்ஜுக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஹட்டன் பஜாரில் உங்கள் ஊர்க்காரர் ஒருவராவது இருப்பார்.

சனிக்கிழமை காலை தூறல். கல்லூரிக் கேட்டில் பியூன் தவமணியின் பெயரைக் குறித்துக்கொண்டு, "ஆபீஸ் பக்கம் போய் இருங்க, பேரு கூப்பிடுவாங்க" என்றான். போனோம். நீளமான கல் கட்டடம். ஒரு பக்கம் படிகளும் தாழ்வாரமும். மறு பக்கம் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று, உள்ளே மேஜை, மேஜைமேல் பெரிய பெரிய புத்தகங்கள். இதுதான் ஆபீஸ் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு நேர் கீழே போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. நாம்தான் முதல் ஆள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆபீஸ் என்றால் ஜன்னல். சம்பளம் ஜன்னலில். அரிசி ஜன்னலில். மருந்துத் துண்டு, லீவு, வழக்கு எல்லாம் ஜன்னலில். வெயிலோ மழையோ வெளியே நிற்பது, பெயர் கூப்பிட்டால் கையை நீட்டுவது. கதவு துரைக்கும் கிளாக்கர்மாருக்கும். தவமணி பிறந்த செய்தியை நான் அந்த ஜன்னலில்தான் சொன்னேன். அவள் தகப்பன் செத்த செய்தியையும் அதே ஜன்னலில்தான். பஜாருக்கு வந்து கோட்டுப் போட்டுப் பத்து வருஷமாகியும் அந்த ஆபீஸுக்குக் கதவு எந்தப் பக்கம் என்று நான் யோசித்ததில்லை.

மற்றப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு வந்தார்கள். படியேறித் தாழ்வாரத்துக்குப் போனார்கள். காலில் சப்பாத்தும் தலையில் ரிப்பனும் போட்ட பிள்ளைகள். "மாமா, அவுங்கல்லாம் அங்கிட்டுப் போறாங்களே" என்றாள் தவமணி. "அவுங்க கிளாக்கர் வீட்டுப் புள்ளைங்கம்மா, உள்ள தெரிஞ்சவங்க இருப்பாங்க. நம்மள இங்க கூப்பிடுவாங்க" என்றேன். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மூடுபனி இறங்கியது. சாரல் ஜன்னலுக்குள் அடித்தது. உள்ளிருந்து ஒரு கை வந்து ஜன்னல் கதவுகளை இழுத்து மூடியது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. இதிலும் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. தோட்டத்திலும் கிளாக்கர் தேத்தண்ணி குடிக்கப் போகும்போது ஜன்னலை மூடுவார். குடித்துவிட்டு வந்து திறப்பார். இந்தக் கல்லூரிக்காரர்கள் அண்டாவில் தேத்தண்ணி குடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று சொன்னேன். தவமணி சிரித்தாள். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கவுன் நனைந்துவிடக் கூடாது என்று கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. படிகளில் ஆட்கள் இறங்கிப் போனார்கள். கடைசியாக ஒரு டீச்சர் குடையோடு இந்தப் பக்கம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது.

"நீங்கள் இதிலை நிண்டு என்ன செய்யிறியள்?"

"பேரு கூப்பிடுறதுக்கு நிக்கிறோம்ங்க டீச்சர்."

"ஆர், தவமணியோ? மூண்டு தரம் கூப்பிட்டமே. ஒருத்தரும் வரேல்லை."

"ஜன்னல்ல யாரும் கூப்பிடலீங்களே."

"ஜன்னலிலையோ?" டீச்சர் மூடியிருந்த ஜன்னலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "ஏன் ஜன்னலிலை?"

பேச்சில் என்னை வெல்ல இந்த மலையில் ஆள் இல்லை. அப்படிப்பட்ட நான் குனிந்து, தவமணியின் கோட்டுக் காலரை இழுத்துச் சரிசெய்தேன்.

டீச்சர் தவமணியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அவள் வாசற்படியில் செருப்பைக் கழற்றினாள். ஈரக் காலைப் பாவாடையில் துடைக்கக் குனிந்தாள். கவுன் என்று நினைவு வந்து நிமிர்ந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. டீச்சர் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தார். குளிரில் பல் தந்தியடித்தது, ஆனாலும் ஒரு பக்கத்தை எங்கும் நிற்காமல் வாசித்தாள். டீச்சர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு பெரிய அறைக்குள் போனார். உள்ளே மெதுவாகப் பேச்சுக் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இடம் ஒண்டுதான். இப்பதான் ஒரு பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினவை. இனி மாத்தேலாதாம்." தவமணியின் தலையில் கை வைத்தார். "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே, பிள்ளை."

நாங்கள் ஒன்பது மணிக்கு முன்னாலிருந்து அங்கேதான் நின்றோம்.

"அடுத்த வருசம்?" என்று கேட்டேன். அடுத்த வருஷம் வயது கடந்துவிடும் என்றார். கேட்டுவரை குடை பிடித்து வந்தார்.

அன்று அதற்குமேல் ரயிலேறினால் தலவாக்கலையில் பூண்டுலோயாவுக்குக் கடைசி பஸ் கிடைக்காது. ஞாயிறு காலைதான் ஏறினோம். சிங்கமலைச் சுரங்கத்தில் மறுபடியும் அதே இருட்டு. இந்த முறை வாய்ப்பாடு இல்லை. பாதிச் சுரங்கத்தில் அவள் குரல் வந்தது.

"மாமா."

"என்னம்மா?"

"அந்தக் கதவு, நாம போனப்பவே தொறந்துதான் இருந்துச்சா?"

ஆயிரம் கதை என் வாயில் வந்து நின்றது. கதவைப் பூதம் காத்தது என்று சொல்லியிருப்பேன், அவள் சிரித்துமிருப்பாள்.

"ஆமாம்மா. தொறந்துதான் இருந்துச்சு."

நான் எதையும் கூட்டாமல் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள். ஐப்பசியிலேயே போய் விசாரியுங்கள். பிரஜாவுரிமைப் பத்திரம் வேண்டுமா என்பதை முதலில் கேளுங்கள், ஒரு பயணம் மிச்சமாகும். பள்ளிக்கூடத் தாளை மெழுகுத் துணியில் சுற்றுங்கள். பிள்ளைக்குக் கம்பளி போடுங்கள், மாமன் கோட்டு போதாது. போனதும் எங்கே நிற்பது என்று யோசிக்காதீர்கள். படியேறுங்கள். நனைந்த காலோடு, சேற்றோடு, நடுங்கிக்கொண்டாவது ஏறுங்கள். யாராவது வெளியே போ என்றால் அப்போது இறங்கிக்கொள்ளலாம்.

தையில் தவமணி பெயர் கொடுத்தாள். முதல் சம்பளத்தன்று நானும் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பாக்கியத்துக்குப் பின்னால் ஆபீஸ் ஜன்னல் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் உள்ளிருந்து மை டப்பாவை நகர்த்தினார்கள்.

"கையெழுத்துப் போடுவேங்க" என்றாள்.

"வரிசை நிக்குது. வெரல வை."

வைத்தாள். மழை வலுத்தது. சாரல் உள்ளே மேஜைவரை அடித்தது. அந்த ஜன்னலை யாரும் மூடவில்லை.