கதீட்ரல் படியில் ஒரு சிதறுகாய்

சிட்னியில் ஒரு கதீட்ரல் வாசல்படியில் தேங்காய் உடைத்த முட்டாள் நான்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே நமக்கென்று கோயில் கிடையாது. மனைவி விசாலாட்சிக்கு அன்று பெரிய ஆபரேஷன். சாமி எந்த வீட்டில் இருந்தால் என்ன என்று, பயத்தில் ஓங்கிப் போட்டுவிட்டேன்.

அங்கி அணிந்த பாதிரியார் ஒருவர் ஓடிவந்தார். போலீஸைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். விஷயத்தைச் சொன்னதும், என்னோடு குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார்.

“உங்க மனைவி பேர் என்ன? சாயங்காலப் பிரார்த்தனைக்கு இருந்துட்டுப் போங்க” என்றார்.

அன்று மாலை பாட்டு முடிந்ததும், முன்பின் தெரியாத அத்தனை வெள்ளைக்காரர்களும் விசாலாட்சிக்காக மண்டியிட்டார்கள். எனக்குக் கைக்குட்டை போதவில்லை.

பிழைத்து எழுந்தவளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

“ஊரே எனக்காக மண்டி போட்டிருக்கு, சந்தோஷம். நான் கண்ணு முழிச்சப்போ பக்கத்துல நீங்க இல்லையே” என்றாள்.