பச்சைக் காரில் இரண்டு கீறல்கள்

இரண்டு வருசத்துக்கு முன் லண்டன் விம்பிள்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது. கோயிலில் பூசை முடிந்து நெற்றித் திருநீறோடு வெளியே வந்தேன். வாசலில் நின்ற மருமகன் என்னை ஏற்றிக்கொண்டு பத்து நிமிடத் தூரத்தில் இருந்த ஒரு வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு பழைய அமெரிக்கக் கார் விற்பனைக்கு நின்றது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இன்றைக்குக் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் எனக்கு இரண்டு கராஜ் இருக்கிறது. அடிபட்ட காரின் தகரத்தை நேராக்கிப் புதிதாக்குவதுதான் என் தொழில். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே எங்கே அடிபட்டது, எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். படித்த எஞ்சினியர்களே எனக்குப் போன் எடுத்துக் கேட்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மருமகன் பல் வைத்தியர். லண்டனில் பிறந்தவர். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. மரியாதையான பிள்ளைதான். ஆனால் என் மகளைக் கட்டிய பன்னிரண்டு வருசத்தில் என்னிடம் ஒரு விசயமும் யோசனை கேட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டார்.

"மாமா, இது உங்களுக்குத்தான் விளங்கும். நீங்க ஓம் எண்டால் வாங்குறன், இல்லையெண்டால் விடுறன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அரை அடி நிமிர்ந்துவிட்டது.

அந்தக் கார் மசில் கார் என்று சொல்லும் வகை. அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் சாதாரண காரின் உடம்புக்குள் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்துச் செய்தார்கள். தொழிற்சாலையிலேயே அப்படிப் பிறந்தவை கொஞ்சம்தான். அதே அச்சில் சின்ன எஞ்சினோடு வந்தவை ஏராளம். சின்னதை எடுத்துப் பெரிதாக மாற்றி, நொறுங்கிப்போன ஒரு நிசக் காரின் தொழிற்சாலை நம்பர் பொறித்த தகரத்தை வெட்டி அதில் ஒட்டி, ஒரிஜினல் என்று விற்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் என்னைக் கூட்டிப் போனார்.

வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர். கைத்தடியோடு நின்றார். முப்பது வருசத்துக்கு மேலாக வைத்திருந்த காராம். இனி ஓட்ட ஏலாது, கண் தெரியவில்லை என்றார். ஆழ்ந்த பச்சை நிறம். கதவைத் திறந்தால் தோல் மணம். இவ்வளவு வடிவாகப் பராமரித்த காரை நான் கண்டதில்லை.

நான் விடவில்லை. காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பு முழுக்க ஒட்டிப் பார்த்தேன். தகரத்துக்குப் பதிலாகப் பசை அப்பியிருந்தால் காந்தம் வழுக்கும். எங்கும் வழுக்கவில்லை. எஞ்சின் நம்பரைப் பார்த்தேன். நம்பர் தகரத்தைச் சுற்றி விரலால் தடவினேன். தொழிற்சாலை வெல்டிங் ஒட்டில் சின்னச் சின்னக் குழிகள் ஒரே இடைவெளியில் வரும். அதுவும் இருந்தது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, கோயிலுக்கு உடுத்த வேட்டியிலும் எண்ணெயைப் பூசிக்கொண்டு எழுந்து வந்தேன்.

"தம்பி, நூறு வீதம் ஒரிஜினல். இதைப்போல ஒண்டு இனி உமக்குக் கிடையாது."

மருமகன் சிரித்தார். கிழவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்து விளங்கிவிட்டது. ஆளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இன்னும் ஒன்று காட்டுகிறேன் என்று ஓட்டுநர் பக்கத்துக் கால்விரிப்பை உரித்தார். பழைய கார்க்காரர் சங்கத்தில் வேறு யாருடைய காரிலும் இது கிடையாது என்றார். தொழிற்சாலையில் பரிசோதகர்கள் போட்ட அடையாளமாம். படம் எடுத்துப் பத்திரிகைக்குக்கூட அனுப்பினாராம்.

நான் முழங்காலில் நின்று எட்டிப் பார்த்தேன். பெயின்ட்டுக்குக் கீழே ஆணியால் கீறிய இரண்டு அடையாளங்கள். ஒன்று பிள்ளையார் சுழி. பக்கத்தில் சின்னச் சிலுவை.

என்னால் எழும்ப முடியவில்லை.

லண்டனுக்கு வந்த புதிதில் பிளேஸ்டோவில் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு கராஜில் எனக்கு வேலை கிடைத்தது. என்னோடு வேலை செய்தவன் மன்னார் ஊரவன், கத்தோலிக்கன். இரண்டு பேருக்கும் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு குளிர் உடுப்பு. வெளியே போகிறவன் அதைப் போட்டுக்கொள்வான். நான் எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் தகரத்தில் ஒரு பிள்ளையார் சுழி கீறுவேன். எழுதத் தெரிந்ததே அவ்வளவுதான் என்று அவன் நக்கலடிப்பான்.

"உன்ரை பிள்ளையாருக்கு அமெரிக்கக் காரிலை என்னடா வேலை? பாவம், தனிய நிக்கிறார். துணைக்கு ஒராளை விடுவம்" என்று பக்கத்தில் ஒரு சிலுவை கீறுவான்.

முதலாளி காட்டிய இடத்தில் வெட்டினோம், காட்டிய இடத்தில் ஒட்டினோம். ஏன் என்று கேட்க எனக்கு இங்கிலீசும் இல்லை, துணிவும் இல்லை. அவனுக்குக் கொஞ்சம் வாசிக்க வரும். ஒரு நாள் மேசையில் கிடந்த கடதாசிகளைப் பார்த்துவிட்டு வந்தான்.

"இது களவடா. இனி நான் செய்யமாட்டன். நீயும் விடு."

எனக்கோ அந்தத் தொழிலில் கை பிடிபட்டிருந்த நேரம். முதலாளி என் முதுகில் தட்டிக் கொடுத்திருந்தார். வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆரோ ஒருத்தன்ரை பாஸ்போட்டிலை, ஆரோ ஒருத்தன்ரை பேரிலை வந்து இறங்கினனீ. நீயோ எனக்கு ஒரிஜினல் பற்றிப் படிப்பிக்கிறாய்?"

நானும் அப்படித்தான் வந்தவன். அதை அவன் திருப்பிச் சொல்லவில்லை. அடுத்த நாள் நான் வேலையால் வந்தபோது அறையில் அவன் பை இல்லை. குளிர் உடுப்பை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போயிருந்தான். கொஞ்ச நாளில் நானும் அந்தக் கராஜை விட்டேன். ஆனால் அவனுக்குப் பிந்தித்தான் விட்டேன்.

"மாமா, என்ன? ஏன் எழும்பாமல் இருக்கிறியள்?"

மருமகனுக்கு அந்தச் சுழி வாசிக்கத் தெரியாது. கிழவருக்கும் தெரியாது. விரிப்பை மூடிவிட்டு எழும்பியிருந்தால் நான் கெட்டிக்கார மாமாவாகவே வீட்டுக்குப் போயிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், விரிப்பின் ஓரத்தைக் கையில் பிடித்தும்விட்டேன். ஆனால் அந்தச் சிலுவையை மறைக்க மனம் வரவில்லை.

"தம்பி, இது ஒரிஜினல் இல்லை."

"இப்பதானே நூறு வீதம் எண்டனீங்கள்?"

"ஓம், சொன்னனான். செய்தவன் அவ்வளவு கெட்டிக்காரன். அது நான்தான்."

பிளேஸ்டோ கராஜையும் என்னோடு வேலை செய்தவனையும் பற்றி முழுவதும் சொன்னேன். மருமகன் நான் சொன்னதையெல்லாம் கிழவருக்கு ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீசில் சொன்னார். கிழவர் கராஜ் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூரத்தில் ட்ராம் போகிற சத்தம் கேட்டது. ஏசுவார், பொலிசைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன்.

"அப்போ என்னுடைய கார் பிளேஸ்டோவில் பிறந்திருக்கிறது" என்றார். சிரிக்கவா அழவா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு குனிந்து எது உங்களுடையது என்று கேட்டார். சுழியைக் காட்டினேன்.

"மற்றவர் எங்கே?"

கார் என்று வந்தால் தெரியாது என்ற சொல் என் வாயில் வந்ததே கிடையாது. அந்தக் காருக்குப் பக்கத்தில் நின்று, "தெரியாது" என்றேன்.

இனி இந்தக் காரைப் பொய் சொல்லி விற்கமாட்டேன், பதிவு அலுவலகத்துக்கும் அறிவிக்கவேண்டும், எல்லாவற்றையும் எழுதித் தாருங்கள் என்று கிழவர் கேட்டார். நான் சொல்லச் சொல்ல மருமகன் எழுதினார். கையெழுத்தை மட்டும் நான் வைத்தேன். மேலே பழக்கத்தில் ஒரு சுழியும் போட்டுவிட்டேன். அதைப் பார்த்ததும் மருமகன் கீழே கால்விரிப்பைப் பார்த்தார். திரும்பி வரும்போது ஒரு சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கேட்டார்.

"மாமா, அந்தச் சிலுவை கீறினவர் உங்களைவிடக் கெட்டிக்காரனோ?"

"வேலையிலை இல்லை" என்றேன்.

அதன் பிறகு மன்னார் ஆட்கள் கூடுகிற தேவாலயங்களுக்கெல்லாம் போய் விசாரித்தேன். ஒருவர் கனடா என்றார், ஒருவர் நோர்வே என்றார். அவன் சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியவில்லை. எந்தப் பெயரில் அவன் இருக்கிறானோ. அந்தக் காரும் உள்ளதை உள்ளபடி சொல்லி யாருக்கோ விற்பட்டுப் போய்விட்டது. என் கராஜில் எத்தனையோ விலையுயர்ந்த கார்கள் வந்து போகின்றன. ஆனாலும் ஒவ்வொன்றிலும் கால்விரிப்பை ஒரு முறை தூக்கிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்து, எங்களிருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பொய்க் கார் ஒன்றுதான்.