மரகதக்காவுக்கு நான் வாசித்த வசனம்

எழுத்தறியாத ஒரு பெண்ணுக்கு நான் வேத வசனத்தை மாற்றி வாசித்தேன்.

கண் தவறிவிட்டது என்று சொல்லி உங்களிடம் தப்பித்துக்கொள்ளலாம்... இல்லை. தெரிந்தேதான் செய்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்தாறு. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வசனப் போட்டிகளில் நான் வாங்கிய தட்டுகளும் டம்ளர்களும் வீட்டு அலமாரியில் வரிசையாக நிற்கும். எந்த அதிகாரத்தைக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன்.

எங்கள் சபையில் எவரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் வாய் திறக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சிங்காநல்லூரில் குடியிருந்தோம். சபையில் பாதிப்பேர் நூற்பாலைத் தொழிலாளிகள். மரகதக்காவும் அப்படித்தான், நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஷிப்டு முடிந்து நேராக வருவார், தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருக்கும். பாட்டு ஒரு பக்கம் போனால் அவர் குரல் இன்னொரு பக்கம் போகும். முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

ஆராதனை முடிந்ததும் அவர் என்னிடம் வந்து நிற்பார். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“டீச்சர், இன்னைக்கு நம்மளை என்னங்க செய்யச் சொல்லுது?”

வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. என்ன செய்யச் சொல்லுகிறது, அவ்வளவுதான்! இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்று போதகர் பிரசங்கித்த வாரம், அக்காவிடம் இருந்த நான்கு சேலைகளில் இரண்டு தெருக் கூட்டும் பெண்ணின் கொடியில் காய்ந்தன. குற்றம் செய்தவனைத் தனியே கண்டு பேசு என்று கேட்ட வாரம், குழாயடியில் தன் குடத்தை உதைத்துத் தள்ளியவளை அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பேசி, காப்பியும் குடித்துவிட்டுத் திரும்பினார். நாங்களெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்த எங்கள் யாருக்கும் அதில் பாதி செய்ய வக்கில்லை என்பது வேறு விஷயம்.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன்.

எஸ்தர் என் கணவரின் தங்கை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது தெருவில் இருந்தாள். என் மகளின் ஞானஸ்நான விருந்தன்று, காய்ச்சலோடு கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தவளை நான் கவனிக்கவில்லை. போதகருக்கும் சபைப் பெரியவர்களுக்கும் பரிமாறிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் காத்திருந்தவள், எல்லோர் முன்னிலும் அமைதியாகச் சொன்னாள்.

“அண்ணிக்கு வாயில வசனம் வருமுங்க. கையில ஒரு வாய்த் தண்ணி வராது.”

அன்றோடு நான் அவளிடம் பேசுவதை நிறுத்தினேன். நான்கு ஆண்டுகள்! அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான்கு நாளில் மறந்திருப்பேன்.

நான்காம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு எஸ்தருக்கு வயிற்றில் கட்டி என்று தெரியவந்தது. கணவன் ஆலையில், பிள்ளைகள் இருவரும் சிறிசுகள். சமைக்க ஆளில்லாமல் படுத்திருக்கிறாள் என்று என் கணவரே தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் காது கேளாதவள் போல இருந்துவிட்டேன்.

புத்தாண்டுக் காலை ஆராதனையில் எங்கள் சபையில் வசன அட்டை எடுக்கும் வழக்கம் உண்டு. தட்டு நிறைய மடித்த அட்டைகள் இருக்கும்; ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எடுத்த வசனம் அந்த ஆண்டு முழுவதற்கும் ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்தது. என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால் அட்டைகளை எழுதுவது நான்தான். எல்லாம் ஆசீர்வாத வாக்குத்தத்தங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு ரோஜா வரைவேன். அந்த ஆண்டு போதகர், வாங்குவதற்கே கை நீட்டுகிறோம், செய்யச் சொல்லும் கட்டளைகளையும் பத்திருபது சேர்த்து எழுதம்மா என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. எழுதினேன்; ஆனால் அந்த அட்டைகளில் ரோஜா வரையாமல் ஒரு பச்சை இலையோடு நிறுத்திக்கொண்டேன்.

தட்டு என்னிடம் வந்தது. எடுத்தேன். பிரித்தேன். பச்சை இலை...

பகைவன் பசியாயிருந்தால் அவனுக்கு உணவு கொடு, தாகமாயிருந்தால் தண்ணீர் கொடு என்கிற வசனம்! என் கையாலேயே எழுதியது. எனக்கு யார் முகம் தெரிந்திருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மரகதக்கா தன் அட்டையை நீட்டி, படித்துச் சொல்லும்படி கேட்டார். வாங்கிப் பார்த்தேன். உன் குறைவையெல்லாம் தேவன் நிறைவாக்குவார் என்கிற வாக்குத்தத்தம், என் சிவப்பு ரோஜாவோடு. என் அட்டையும் அதே கையில்தான் இருந்தது.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் வசனத்தை அவருக்கு வாசித்தேன். என் அட்டையை அவரிடம் கொடுத்தேன். அவருடையதை என் வேதாகமத்துக்குள் வைத்து மூடினேன். அக்கா அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். நான் கேக் தின்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் வீடு தேடி வந்தார். முகத்தில் அப்படியொரு கவலை.

“எனக்கு ஆகாதவங்கன்னு ஆருமே இல்லீங்களே டீச்சர். மில்லுல, லைன் வீட்டுல எல்லாத்தையும் நெனைச்சுப் பாத்துட்டனுங்க.”

பகைவன் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் அக்கா என்றேன். வருஷத்துக்கே கொடுத்த வசனத்தை எப்படி விடுவது என்று கேட்டார். பிறகு மெல்ல இதையும் கேட்டார்.

“உங்களுக்கு ஆகாதவங்க ஒருத்தரு இருக்காங்களே. அவங்களுக்குக் கொண்டு போயிக் குடுத்தாச் சரியா வருமுங்களா?”

அந்த நேரத்தில் நான் எழுந்திருக்க வேண்டும். அவருடைய அட்டையை எடுத்து நீட்டியிருக்க வேண்டும்... உங்கள் இஷ்டம் என்றேன்.

மறுநாள் முதல் அவர் தூக்குப்போசியோடு எங்கள் வாசலைக் கடந்து எஸ்தர் வீட்டுக்குப் போனார். காலை ஷிப்டு என்றால் மாலையில். மாலை ஷிப்டு என்றால் காலையில். கேழ்வரகுக் கஞ்சி, மோர், சில நாள் ரசமும் குழைந்த சோறும். நான் சன்னல் திரையை விலக்கிப் பார்ப்பேன். முதலில் எரிச்சல். பிறகு வெட்கம். போகப்போக, அந்தத் தூக்குப்போசி கண்ணில் படாத நாளில் நெஞ்சு பதறும். இன்று அவள் என்ன சாப்பிட்டாள் என்று. ஆனாலும் இரண்டு தெரு நடக்க என் கால்கள் எழவில்லை. எட்டு மாதம் ஒருத்தி என் வசனத்தைச் சுமந்து நடந்தாள். நான் திரைக்குப் பின்னால் நின்றேன்!

செப்டம்பரில் எஸ்தர் இறந்தாள்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்ட வாசலில் அவள் கணவர் என் முன் வந்து கைகூப்பினார்.

“மரகதக்கா கையில நீங்க குடுத்தனுப்பலீன்னா அவ அத்தனை நாளு தாங்கிருக்க மாட்டாளுங்க அக்கா. கடைசியாக்கூட, அண்ணி கஞ்சி வந்துருச்சான்னுதான் கேட்டா.”

டீச்சர் படித்துச் சொன்ன வசனம், அதனால்தான் வருகிறேன் என்று மரகதக்கா முதல் நாளே அவர்களிடம் சொல்லியிருக்கிறார். நான்தான் அனுப்புகிறேன் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நானில்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். என் நாக்கு... ஆயிரம் வசனம் புரண்ட நாக்கு... அசையவில்லை.

இதோடு நின்றிருந்தால் கோழை என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள், வசனத்தின்படி நடப்பது எப்படி என்று. போனேன். பேசினேன்! பகைவனுக்கு உணவிடுவதைப் பற்றி இருபது நிமிடம். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்றாவது வரிசைப் பாயில் மரகதக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஜெபிக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

சில ஆண்டுகளில் ஆலை மூடப்பட்டது. அக்கா மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். என் வீட்டில் குறைவொன்றும் இல்லை. அவருடைய ரோஜா அட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் வாசற்கதவுக்கு மேல் தொங்கியது. வருகிறவர்கள் நல்ல வாக்குத்தத்தம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் பேருந்து ஏறினேன்.

பாக்கு உரிக்கும் களத்தில் இருந்தார். கைவிரல்கள் கறுத்திருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து, மடியைத் தட்டிவிட்டு, முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் பாக்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியுமுங்க டீச்சர். நான் குடுத்ததுல ரோசாப்பூ இருந்துச்சு. நீங்க திருப்பிக் குடுத்ததுல வெறும் எலை.”

எழுத்துத் தெரியாதே தவிர, அவருக்குக் கண் இல்லையா? அப்போதே ஏன் கேட்கவில்லை என்றேன்.

“உங்களால தூக்க முடியலையாட்ட இருக்குதுன்னு நெனைச்சனுங்க. அதுவும் வேதத்துல இருக்கறதுதானுங்களே, ஆரு செஞ்சா என்ன.” அடுத்த பாக்கை எடுத்தார். “நீங்க சாட்சி சொன்னீங்க பாருங்க, அன்னைக்குத்தான் ஊட்டுக்குப் போயி அழுதுபோட்டனுங்க. எனக்குப் பேரு வரலீன்னு இல்லீங்க. இத்தனை அழகாப் பேசறவங்க ஒருநாளு வந்து பாத்திருந்தா அந்தப் புள்ளை எத்தனை சந்தோசப்பட்டிருக்கும்னு.”

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சாப்பிட்டேன்... அவர் கையால், நானும்.

நான் அறிந்தவர்களில் வேதத்தை முழுதாகப் படித்தவர் ஒருவர் உண்டென்றால் அது ஓரெழுத்தும் அறியாத மரகதக்காதான். இதை உரக்கச் சொல்ல ஆசை. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும்.

எஸ்தரின் கணவரும் பிள்ளைகளும் அவள் நினைவு நாளில் இன்றும் என் வீட்டுக்கு வருகிறார்கள். அவள் மகளுக்குப் போன மாதம் நிச்சயமாகியிருக்கிறது. சமையல் பழகிக்கொண்டிருக்கிறாளாம். ஒரு நோட்டும் பேனாவுமாக என் அடுக்களைக்கு வந்து நின்றாள்.

“அத்தே, அம்மாவுக்குக் குடுத்தனுப்புவீங்களே, அந்தக் கஞ்சியில என்னென்னங்க போடுவீங்க?”

ஏதோ சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.